ஞாயிறு இரண்டு மணி, நான்ட்விச் பாலம்

நோசல் ஊருக்குக் கீழே, கால்வாய்க் கரை
8 ஜூன் 1969, ஞாயிறு

என் மேவிஸுக்கு,

நான் நலம். நீயும் உன் அக்கா ஹெட்டியும் அவள் வீட்டுப் பூனையும் நலமாக இருப்பீர்கள். பூனையை முதலில் விசாரித்திருக்க வேண்டும், அந்த வீட்டில் அதற்குத்தானே முதல் மரியாதை.

செய்தி இதுதான். ஜனவரியில் நீ ஆசைப்பட்டுப் பதிவு செய்த படகை எடுத்துக்கொண்டு நான் கிளம்பிவிட்டேன். மார்ச்சில் நீ செஸ்டருக்குப் போன பிறகு அதை ரத்து செய்யலாம் என்றுதான் இருந்தேன். கடிதம் எழுத உட்கார்ந்தேன், 'ரத்து' என்ற சொல்லுக்கு எழுத்து வரவில்லை, விட்டுவிட்டேன். ரொட்டி வண்டியை இரண்டு வாரத்துக்கு வேறொருவன் ஓட்டுகிறான். நான் ரொட்டி போடும் பில்ஸ்டன் ஊர்ப் பெண்கள் எல்லாரும் அழுதுகொண்டிருப்பார்கள்.

படகின் பெயர் பிரிம்ரோஸ். ஏழடி அகலம், நாற்பதடி நீளம். உள்ளே நடந்தால் நம் வீட்டுக் கூடத்துச் சந்தில் நடப்பது போலத்தான், ஆனால் சந்து ஆடுகிறது. படகுக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தனி ஆளுக்குப் படகு குடுக்கிறதில்லீங்க. படகு மேடு பள்ளம் ஏறி எறங்கற மதகுல ஒருத்தர் கதவத் தொறக்கணும், ஒருத்தர் படகப் பிடிக்கணும். ரெண்டு பேர்னுதான எழுதியிருக்கு? சம்சாரம் எங்க?"

"முன்னாடி நடந்து போயிட்டா சார், மதகைத் தயார் பண்ண. அவளுக்கு நிக்கவே பொறுமை கெடையாது."

மனிதர் கண்ணுக்கு மேல் கையை வைத்துக் கரையோரம் பார்த்தார். தூரத்தில் ஒரு மாடு நின்றது. "அதோ" என்றேன். சாவியைக் கொடுத்துவிட்டார்.

அதிலிருந்து யார் கேட்டாலும் அதே பதில்தான். படகுக்காரர்கள் நடுவில் அது வழக்கமாம். வீட்டுக்காரி முன்னால் நடந்து மதகைத் திறந்து வைப்பாள், வீட்டுக்காரன் பின்னால் படகோடு வருவான். அதனால் யாருக்கும் சந்தேகமே வருவதில்லை.

எவ்வளவு மெதுவாகப் போகிறது தெரியுமா? அந்த மாடு என்னை முந்திப் போனது. நின்று புல் தின்றது. மறுபடி முந்தியது.

அடுத்த வாரம் செஸ்டர் வந்துவிடுவேன். ஹெட்டி வீட்டுக்குப் பின்னால்தானே கால்வாய்? வந்து ஹார்ன் அடிக்கிறேன். பதிலை மார்க்கெட் ட்ரேட்டன் தபால் நிலையத்துக்குப் போடு. புதன்கிழமை போய்க் கேட்டு வாங்கிக்கொள்வேன்.

உன் ரொட்டிக்காரன்,
சிரில்


செஸ்டர்
10 ஜூன் 1969, செவ்வாய்

அன்புள்ள சிரில்,

பூனை நலம். ஹெட்டிக்கு முட்டி வலி. நான் வாரத்தில் மூன்று நாள் ஒரு தொப்பிக் கடையில் ரிப்பன் தைக்கிறேன். வேலை பிடித்திருக்கிறது.

உன் கடிதத்தை ஹெட்டி சத்தமாகப் படிக்கச் சொன்னாள். மாடு வந்த இடத்தில் அவள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அதுதான் உன்னிடம் உள்ள கஷ்டம் சிரில், சிரிக்காமல் இருக்க முடிவதில்லை.

ஆனால் அந்தப் பொய்யை நிறுத்து. நான் முன்னாடி நடந்து போகவில்லை. கிளம்பிப் போனேன். இரண்டும் வேறு.

ஹார்ன் எல்லாம் வேண்டாம். அக்கம்பக்கத்தில் ஹெட்டிக்கு மானம் போகும். மதகுக் கதவில் நடக்கும்போது பிடித்துக்கொண்டு நட. உனக்கு நீச்சல் தெரியாது. பன்றி இறைச்சி வறுக்கும்போது ஜன்னல் திரையை ஒதுக்கி வை. கம்பளிப் பனியன் எடுத்து வந்தாயா? இல்லை என்று தெரியும்.

அந்தப் படகை நான் எதற்குப் பதிவு செய்தேன் என்று நீ யோசித்துப் பார்த்தாயா? தினம் இருநூறு வாசலில் நின்று இருநூறு பேரைச் சிரிக்க வைத்துவிட்டு வீட்டுக்கு வருகிறாய். நம் வீடு இருநூற்று ஒன்றாவது வாசல். யாரும் கதவு தட்டாத இடத்தில் பதினான்கு நாள் இருந்தால் உனக்கும் சரக்குத் தீர்ந்துபோகும், பிறகு இருவரும் பேசலாம் என்று நினைத்தேன்.

எழுது. ஆனால் ஒரு பக்கமாவது சிரிப்பு இல்லாமல் எழுது பார்க்கலாம்.

மேவிஸ்


மார்க்கெட் ட்ரேட்டன்
11 ஜூன் 1969, புதன்

என் மேவிஸுக்கு,

இது சிரிப்பு இல்லாத பக்கம். ஆரம்பிக்கிறேன்.

மழை.

பார், அதற்கு மேல் வரவில்லை. தபால் நிலையத்தில் பேனாவை வைத்துக்கொண்டு இவ்வளவு நேரம் நின்றேன், பின்னால் வரிசையில் இருந்த பாதிரியார் இருமிக்காட்டுகிறார். மீதியைப் படகில் எழுதுகிறேன்.

இன்று காலை ஐந்து மதகு இறங்கினேன், தன்னந்தனியாக. நீ பார்த்திருக்க வேண்டும். படகை உள்ளே விட வேண்டும், ஏணியில் ஏறி மேலே வர வேண்டும், மேல் கதவை முதுகால் தள்ளி மூட வேண்டும், கீழ்க் கதவுக்கு ஓடிக் கைப்பிடியால் தண்ணீர் விடும் ஷட்டரைச் சுற்றித் தூக்க வேண்டும். தண்ணீர் வடிய வடியப் படகு உள்ளே இறங்கும். கயிற்றை ஒரு கையில் பிடித்துக்கொண்டே கீழ்க் கதவைத் திறக்க வேண்டும். பிறகு ஷட்டரை இறக்க வேண்டும், ஏணியில் இறங்க வேண்டும், படகை வெளியே கொண்டுபோய்க் கட்டிவிட்டுத் திரும்பி வந்து கதவை மூட வேண்டும். எட்டுக் கை இருந்தாலும் போதாது. மூன்றாவது மதகில் என்னையும் அறியாமல் திரும்பி, "கயித்தப் பிடி மேவிஸ்!" என்று கத்தினேன். ஒரு வாத்துதான் திரும்பிப் பார்த்தது. அதற்கும் விருப்பமில்லை.

தேநீர் போடும்போது கை தானாக இரண்டு கோப்பையை எடுக்கிறது. இரண்டையும் நானே குடித்துவிடுகிறேன். அதனால் எங்கே புதர் கிடைக்கும் என்று பார்த்துக்கொண்டே படகு ஓட்டுகிறேன்.

ஒன்று கேட்கிறேன். இது வேடிக்கை இல்லை. நீ ஏன் போனாய் என்று எனக்கு இன்னும் சரியாகப் புரியவில்லை. முதல் நாள் ராத்திரி சிரித்துக்கொண்டுதானே படுக்கப் போனோம்? காலையில் பெட்டி கதவருகே நின்றது. ஹெட்டிக்கு முட்டி வலி என்றாய். ஒரு முட்டிக்கு மூன்று மாதமா?

அடுத்த பதிலை ஆட்லெம் தபால் நிலையத்துக்குப் போடு. அங்கே வரிசையாகப் பதினைந்து மதகு. சனிக்கிழமை மதியம் பன்னிரண்டரைக்குத் தபால் நிலையம் மூடுவதற்குள் எப்படியும் போய்விடுவேன்.

கம்பளிப் பனியன் இல்லை. உன் பச்சை ஸ்வெட்டர் ஒன்று அலமாரியில் கிடந்தது. அதைப் போட்டுக்கொண்டிருக்கிறேன். தொப்பை வரைதான் வருகிறது.

சிரில்


செஸ்டர்
12 ஜூன் 1969, வியாழன்

அன்புள்ள சிரில்,

கேட்டுவிட்டாய், சொல்கிறேன். நேரில் சொன்னால் நீ இடையில் ஏதாவது சொல்வாய், நான் சிரித்துவிடுவேன், பேச்சு அங்கேயே முடிந்துபோகும்.

அன்று ராத்திரி நீ அடுப்பருகே பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தாய். நான் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தேன். "எனக்குத் தனியா இருக்கு சிரில்" என்றேன். அதைச் சொல்ல எனக்குப் பல நாள் ஆயிற்று. நீ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அப்ப மாடி ரூம்ல ஒரு வாடகைக்காரன வெச்சுக்கலாமா? நல்லா மீச வெச்சவனா பாக்கறேன்" என்றாய். நான் சிரித்தேன். நீயும் சிரித்தாய். விளக்கை அணைத்தோம். நீ உடனே தூங்கிவிட்டாய். நான் விடியும் வரை விழித்திருந்தேன்.

உன்மேல் மட்டும் தப்பு சொல்லவில்லை. நான் சிரித்திருக்கக் கூடாது. இருபத்தாறு வருஷமாகச் சிரித்து உன்னைப் பழக்கி வைத்தவள் நான்தான்.

ஆனால் நீ திரும்பிக் கத்தினாய் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்த பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஸ்வெட்டர் விஷயமும் அப்படித்தான்.

ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு நான்ட்விச் வருகிறேன். செஸ்டர் சாலைக்கு மேலே கால்வாய் ஓர் இரும்புப் பாலத்தில் போகிறதாம், பஸ் அதன் அடியிலேயே நிற்கும் என்கிறார்கள். படிக்கட்டில் ஏறி மேலே வந்து நிற்பேன். ஆட்லெமிலிருந்து படகில் மூன்று, நான்கு மணி நேரம்தான் என்று ஹெட்டியின் அடுத்த வீட்டுக்காரர் சொன்னார்.

வா. வந்து பேசாமல் உட்கார்ந்திரு. முதலில் நான் பேசுகிறேன். அது முடிந்து படகில் ஏறத் தோன்றினால் ஏறுகிறேன். ஒரு மாற்று உடையும் எடுத்து வருவேன், அதை வைத்து எதையும் முடிவு கட்டாதே.

உனக்கு வர விருப்பமில்லையென்றால் வராதே. அதையும் புரிந்துகொள்வேன், காரணம் கேட்க மாட்டேன்.

மேவிஸ்


ஆட்லெம்
14 ஜூன் 1969, சனி மாலை

என் மேவிஸுக்கு,

உன் கடிதம் பத்தடி தூரத்தில் இருக்கிறது, எனக்கும் அதற்கும் நடுவில் ஒரு கண்ணாடிக் கதவு. என்ன நடந்தது என்று கேள், உன் புருஷன் இன்று ஒரு கால்வாயையே காலி செய்துவிட்டான்.

நேற்று மாலை பாதி மதகுகளை இறங்கி, இரண்டு மதகுக்கு நடுவில் இருக்கிற சின்னத் தண்ணீர்த் துண்டில் படகைக் கட்டினேன். அங்கே ராத்திரி கட்டக் கூடாதாம், எனக்கு யார் சொன்னார்கள்? எனக்குப் பின்னால் இன்னொரு படகும் வந்து கட்டியது. பில்லிங் என்று புருஷன் பெண்டாட்டி, மூன்று பிள்ளைகள். நான் கட்டியதைப் பார்த்துத்தான் அவர்களும் கட்டினார்களாம். காலையில் சீக்கிரம் கிளம்பித் தபால் நிலையம் திறக்கும்போதே வாசலில் நிற்க வேண்டும் என்று எனக்கு ஓர் அவசரம். அதனால் படுக்கப் போகும் முன்பே அடுத்த மதகைத் தயார் செய்து வைத்தேன். மேல் ஷட்டரைத் தூக்கித் தண்ணீரை உள்ளே விட்டேன். கீழ் ஷட்டர் ஒன்று முன்பே பாதி தூக்கி இருந்ததைப் பார்க்கவில்லை. மேலே விட்டதெல்லாம் கீழே போய்க்கொண்டே இருந்திருக்கிறது.

காலையில் கட்டிலிலிருந்து உருண்டு விழுந்து எழுந்தேன். கெட்டில் சுவரில் நிற்கிறது. கதவைத் திறந்தால் கால்வாய் இல்லை. சேறு. நடுவில் ஒரு பழைய சைக்கிள், மூன்று மீன், என் படகு ஒரு பக்கம் சாய்ந்து, பில்லிங் படகு இன்னொரு பக்கம் சாய்ந்து. திருமதி பில்லிங் தலையில் முடி சுருட்டும் ஊசிகளோடு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, தண்ணி எங்க?"

"இப்பதாங்க இருந்துச்சு."

"யாரு பண்ணின வேல இது?"

நான் அங்கே நின்ற ஒரு வாத்தைக் காட்டியிருப்பேன். வாய் வரை வந்தது. ஆனால் கடைசிக் குழந்தை சாய்ந்த படகில் நிற்க முடியாமல் அழுதுகொண்டிருந்தது. "நாந்தாங்க" என்றேன்.

"ஒங்க வீட்டம்மா பாக்கலியா? முன்னாடி நடந்து போயிருக்காங்கன்னு நேத்து சொன்னீங்களே?"

"இல்லீங்க. அவ செஸ்டர்ல அவ அக்கா வீட்ல இருக்கா. மார்ச் மாசத்துலேருந்து."

அவள் ஊசியைக் கழற்றிக்கொண்டே உள்ளே போனாள், திரும்பி வந்து பன்றிக் கறி அடைத்துச் சுட்ட ரொட்டியில் ஒரு துண்டு கொடுத்தாள். "தின்னுட்டுப் போய் ஆளக் கூட்டிட்டு வாங்க" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

கால்வாய் இலாகா ஆள் வந்தார். மேலேயிருந்து ஒவ்வொரு மதகாகத் தண்ணீர் விட்டால்தான் நிரம்பும் என்றார். "நீங்க காலி பண்ணினது, நீங்களே நெரப்புங்க" என்று கைப்பிடியை என் கையில் கொடுத்தார். மேலே ஏறிப் போய் ஷட்டர் சுற்றினேன், இறங்கி வந்து பார்த்தேன், மறுபடி ஏறினேன். நடுவில் ஓடிப் போய்க் கடிதத்தை வாங்கி வந்துவிடலாம் என்று ஒரு தடவை பாதி தூரம் போனேன். அந்தக் குழந்தையின் அழுகை கேட்டது. திரும்பிவிட்டேன். கடிதம் எங்கே ஓடிவிடப் போகிறது?

பன்னிரண்டு இருபத்தைந்துக்குப் படகு மிதந்தது. சேற்று பூட்ஸோடு ஓடினேன் மேவிஸ், ஆட்லெம் ஊரே பார்த்தது. தபால்காரம்மா கதவில் அட்டையைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"என் பேர்ல ஒரு லெட்டர் இருக்கும்மா, ஒரே ஒரு லெட்டர்!"

"திங்கக்கெழம ஒம்பது மணிக்கு இருக்கும், அப்பவும்."

"கண்ணாடி வழியா காட்டவாவது காட்டுங்களேன்."

காட்டினாள். நல்லவள். உன் கையெழுத்து. நீல மை. தடிமனாகத் தெரிந்தது, இரண்டு தாளாவது இருக்கும். பிறகு திரையை இழுத்துவிட்டாள்.

பில்லிங் குடும்பம் நாளைக் காலை நான்ட்விச் போகிறது. கூட வாருங்கள், மதகில் கை கொடுக்கிறோம் என்றார்கள். நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அந்தக் கடிதத்தைப் பார்க்காமல் நான் எங்கேயும் நகர மாட்டேன். ஞாயிறு முழுக்க இங்கேயே, தபால் நிலையம் தெரிகிற இடத்தில் கட்டிப்போட்டு உட்கார்ந்திருப்பேன்.

சிரில்


தந்தி
ஆட்லெம், 16 ஜூன் 1969, காலை 9.10

கடிதம் இப்போதுதான் கையில் வந்தது. நேற்று முழுவதும் ஆட்லெமில் இருந்தேன். தெரியாது. நான்ட்விச் போய்க் காத்திருக்கிறேன். சிரில்


செஸ்டர்
17 ஜூன் 1969, செவ்வாய்

அன்புள்ள சிரில்,

தந்திக்காரனைப் பார்த்ததும் ஹெட்டி யாரோ செத்துப் போய்விட்டார்கள் என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். இன்று காலை உன் சேற்றுக் கடிதமும் வந்தது. நம்புகிறேன். அந்த சைக்கிளையும் மீனையும் உன்னால் கற்பனை செய்ய முடியாது என்பதால் இல்லை, முடியும். திருமதி பில்லிங்கிடம் சொன்னாயே, அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். அதனால் நம்புகிறேன்.

நான் வந்தேன். இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி பஸ் வரை பாலத்து மேலே உட்கார்ந்திருந்தேன். நல்ல வெயில். முதல் ஒரு மணி நேரம் கோபம். வருகிற ஒவ்வொரு படகையும் நீதான் என்று எழுந்து நின்று பார்த்தேன். அதற்கப்புறம் பயம். நீ மதகில் விழுந்துவிட்டாய் என்றே முடிவு செய்துவிட்டேன். நாய் கூட்டி வந்த ஒரு மனிதரிடம் கால்வாய் எவ்வளவு ஆழம் என்று கேட்டேன். இடுப்பளவு என்றார். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, கொஞ்ச தூரம் தள்ளியே நின்றுகொண்டிருந்தார், பாவம், குதித்துவிடுவேன் என்று நினைத்தாரோ என்னவோ.

மூன்றாவது மணி நேரத்தைத்தான் உனக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கோபம் போய்விட்டது, பயமும் போய்விட்டது. உனக்குக் கொண்டு வந்த முட்டை சாண்ட்விச்சை எடுத்துத் தின்றேன். படகுகள் போயின. யாரும் என்னோடு பேசவில்லை. தனியாகத்தான் இருந்தேன் சிரில், ஆனால் அது வலிக்கவில்லை. உன் பக்கத்தில் அடுப்பருகே இருந்தபோதுதான் வலித்தது. இதைத் தெரிந்துகொண்டபோது, அங்கேயே உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன்.

அதனால் இப்போது வரவில்லை. நான்ட்விச்சில் காத்திருக்க வேண்டாம். உன்மேல் கோபம் இல்லை. சேறு உன் தப்பு, ஞாயிறு யார் தப்பும் இல்லை. நீ வந்திருந்தால் நான் ஏறியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஏறி, நீ சேற்றுக் கதையைச் சொல்லி, நான் வயிறு வலிக்கச் சிரித்து, இருவரும் வீட்டுக்குப் போயிருப்போம். அடுத்த மார்ச்சில் மறுபடி பெட்டி கட்டியிருப்பேன்.

படகை நேரத்துக்குத் திருப்பிக் கொடு. ஸ்வெட்டரை நீயே வைத்துக்கொள்.

மேவிஸ்


நான்ட்விச்
18 ஜூன் 1969, புதன்

மேவிஸ்,

உன் கடிதம் இன்று காலை இங்கே தபால் நிலையத்தில் கிடைத்தது. அதைப் பாலத்து மேலே எடுத்துப் போய், நீ உட்கார்ந்திருப்பாய் என்று தோன்றிய இடத்தில் உட்கார்ந்து படித்தேன். அங்கே மூன்று நாளாக உட்கார்ந்திருந்தேன். கீழே பஸ் நிற்கும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பேன். பச்சைக் கோட்டுப் போட்ட ஒருத்தி இறங்கினாள். நடை உன் நடை. படிக்கட்டுவரை ஓடினேன். அவள் வேறு யாரோ. மன்னிப்புக் கேட்டேன், வேடிக்கையாக ஒன்றுமே சொல்லாமல் திரும்பி வந்தேன். நான் ஒரு பெண்பிள்ளையைச் சிரிக்க வைக்காமல் திரும்பி வந்தது என் ஆயுளில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

நீ எழுதியது சரி. நீ ஏறியிருந்தால் நான் அந்தக் கதையைத்தான் சொல்லியிருப்பேன். ஞாயிறு முழுக்க ஆட்லெமில் உட்கார்ந்து அதைத்தான் மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன், எந்த இடத்தில் நீ சிரிப்பாய் என்று. உனக்கு என்ன சொல்ல இருக்கும் என்று யோசிக்கவே இல்லை.

மதியம் படகைத் திருப்பினேன். சனிக்கிழமைக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், எல்லாம் மேல் நோக்கி ஏறும் மதகுகள். ஒவ்வொன்றுக்கும் நேரம் எடுத்துத்தான் செய்யப் போகிறேன்.

உன் ஆட்லெம் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். பூட்ஸ், பாத்திரத் துண்டு, நீ சொன்னது, நான் சொன்னது, எல்லாம் இப்போது எனக்கு நினைவு வருகிறது. அன்று நீ சொன்னதற்கு நான் கேட்டிருக்க வேண்டியது ஒன்றுதான். வேறு எந்த மனிதனும் அதைத்தான் கேட்டிருப்பான். மூன்று மாதம் கழித்துக் கேட்கிறேன். எத்தனை நாளா மேவிஸ்? எப்பலேருந்து ஒனக்குத் தனியா இருக்கு?

திரும்பி வா என்று இதில் எழுதவில்லை. பார்த்துக்கொள், எங்கேயும் எழுதவில்லை. எழுத வேண்டும் போலத்தான் இருக்கிறது.

பதிலை வீட்டுக்குப் போடு. ஒரே நாளில் எழுத வேண்டாம், எத்தனை பக்கமானாலும் எழுது. நான் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன், ஒரு பக்கத்துக்கே ஒரு பொழுது ஆகும். ஆனால் கடிதத்துக்கு நடுவில் புகுந்து பேச யாராலும் முடியாது, என்னாலும்கூட. நீ முடிக்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

சிரில்